கூரையும் தளமும்: நம் குடியிருப்புகளின் வரலாறு

வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கழகச் செயலாளர் கேட்டபோது, தலைமையாசிரியர் ஆதலால் கல்வியைப் பற்றியே எழுதுவோம் என அவர் எண்ணியிருக்கக்கூடும். கல்வியின் சிறப்பை எடுத்துச் சொல்ல இம்மலரில் பலர் இருக்கின்றனர். நாம் வீட்டைப் பற்றி எழுதுகிறோம். அதற்கும் பள்ளிக்கூடமே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிய வேளையில், நன்றாகப் படித்துவந்த மாணவன் ஒருவன் மாதிரித் தேர்வுகளில் சரியத் தொடங்கினான். அழைத்து விசாரித்தோம். “ராத்திரி வீட்டுக்குள்ள உட்கார முடியல சார். தளம் கொதிக்குது. வெளியே வந்தா வெளிச்சம் இல்ல” என்றான். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு அவனுடையது. “எங்க தாத்தா இருந்த கூரை வீட்டுல இப்படி இருக்காதாம்” என்றும் சேர்த்துச் சொன்னான். அந்தக் கடைசிச் சொல் நம் மனத்தை விட்டு அகலவில்லை. குடிசையை விட்டு வெளியேற நம் மக்கள் ஒரு நூற்றாண்டு காலம் போராடினர். பேரன் அக்குடிசையை எண்ணி ஏங்குவானாயின், எங்கோ ஒரு பிழை நேர்ந்திருக்க வேண்டும். அப்பிழை யாது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

நம் திருவாமாத்தூரில் பம்பையாற்றங்கரையில் அபிராமேசுவரர் திருக்கோயில் இருக்கிறது. தேவார மூவரும் பாடிய தலம். வெளியே தார்ச்சாலை இளகும் மே மாத நண்பகலிலும் அதன் உள்மண்டபத்தில் கால் வைத்தால் தண்ணென்று இருக்கும். இதில் அதிசயம் ஏதும் இல்லை. கனத்த கல் பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கித் தன்னுள்ளேயே வைத்துக்கொள்கிறது. அது உட்புறம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. நேர்வெயில் உள்ளே புகவும் வழியில்லை. வெப்ப நாட்டில் கட்டடம் எழுப்புவோர் அறிய வேண்டிய முதற்பாடம் இது. ஆனால் 1947-ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை, அந்தக் குளிர்ச்சியை உரிமையோடு நுகர நம்மவர்க்கு வழியில்லாதிருந்தது என்பதையும் சேர்த்தே இளைஞர்கள் படித்துக்கொள்ள வேண்டும்.

பழைய மச்சு வீடுகளை எடுத்துக்கொள்வோம். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி இடித்து, முடிவில் தட்டோடு பதித்த தளம் அது. ‘மெட்ராஸ் தளம்’ என்றே பொறியாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். சுண்ணாம்பைப் புளிக்க வைத்துச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காய்நீரும் வெல்லநீரும் சேர்ப்பார்கள். தளம் இடிக்கும் நாளில் சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மரக்கட்டையால் காலை முதல் மாலை வரை தட்டிக்கொண்டே நகர்வார்கள். நம் பாட்டி அப்படி உட்கார்ந்தவர். எத்தனை வீடுகளுக்குத் தளம் இடித்தாய் என்று ஒருமுறை கேட்டோம். “எண்ணல. ஒண்ணுலயும் படுத்ததில்ல” என்றார்.

மரபுக் கட்டடக்கலை, மண்வாசனை மிக்க வீடு, முன்னோர் அறிவு என்றெல்லாம் இப்போது பத்திரிகைகளில் அழகழகான படங்களோடு கட்டுரைகள் வருகின்றன. படிக்க நன்றாகவே இருக்கின்றன. ஆயினும் அந்த முன்னோர் யார் என்று அவை சொல்வதில்லை. மண்ணை வெட்டியவர், மிதித்தவர், செங்கல் அறுத்தவர், சூளை வைத்தவர், தளம் இடித்தவர் யார்? பெரும்பாலும் நம்மவரே. ஆகவே அந்த அறிவு நமக்கும் உரிய சொத்து. இதைச் சொல்ல நாம் கூச வேண்டியதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாமும் கூரை வீட்டில் பிறந்தவர்தாம். முழங்கை நீளக் கனத்தில் மண்சுவர். மண்ணோடு வரகு வைக்கோலைக் கலந்து மிதித்துப் புளிக்கவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு படையாக வைத்து எழுப்பியது. மேலே கரும்புத் தோகை வேய்ந்திருந்தது. கரும்பு விளையும் நம் வட்டாரத்தில் கூலியோடு கூலியாகக் கிடைத்தது அது. தோகைக்குள் அகப்பட்ட காற்று வெப்பத்தைக் கீழே விடாது. இறவாரம் தாழ்ந்திருந்தமையால் சுவரில் வெயில் படாது. சாணம் மெழுகிய தரை குளிர்ந்திருக்கும். இவ்வளவும் உண்மை. ஐப்பசி மழையில் ஒழுக்குக்குப் பாத்திரம் வைக்காத இடம் அந்த வீட்டில் இல்லை என்பதும் உண்மை. புகையும் இருட்டும் தேளும் பாம்பும் உண்மை. குனிந்தே நுழைய வேண்டிய வாசலும் உண்மை.

ஏன் நம்மவர் குடிசையிலேயே இருந்தனர்? வறுமை என்பது பாதி விடைதான். மற்றப் பாதி மனையில் இருக்கிறது. 1891-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் டிரெமன்ஹியர், பறையர் நிலை பற்றி அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். பஞ்சமி நிலத்தின் வரலாறு தொடங்கும் இடம் என்று நம் இளைஞர்கள் அதை அறிந்திருப்பார்கள். நிலம் மட்டுமன்று, குடியிருக்கும் மனையும் இவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை அக்குறிப்பு எடுத்துக்காட்டியது. மிராசுதாரர் சினந்தால் குடிசையை விட்டு வெளியேற வேண்டியதுதான். நாளை விரட்டப்படக்கூடியவன் எவனாவது செங்கல் வாங்கிச் சுவர் எழுப்புவானா? விட்டுவிட்டுப் போனாலும் பெரிய நட்டம் இல்லாததைத்தான் கட்டுவான். மண்ணும் தோகையும் அப்படி அமைந்தவை. பல ஊர்களில் கையில் காசிருந்தும் ஓடு வேயக் கூடாது என்று தடுத்தார்கள் எனப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனவே குடிசையை நம் மரபு என்று யாரேனும் போற்றும்போது ஒரு கணம் தயங்குவது நல்லது. அதில் இருந்த அறிவு நம்முடையது. அதில் இருந்த கட்டாயம் நம்முடையதன்று.

மனை உரிமை மெல்ல மெல்லத்தான் வந்தது. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாண அரசு ஏற்படுத்திய தொழிலாளர் துறை, மனைகளை வாங்கித் தவணை முறையில் நம்மவர்க்குக் கொடுக்கத் தொடங்கியது. கிணறும் பள்ளியும் அத்துறை வழியே வந்தன. குடியிருப்புதாரர்களை வெளியேற்றக் கூடாது என்று 1961-இல் ஒரு சட்டமும், குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்கி 1971-இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்த 1978-இல் தனிச்சட்டம் வந்தது. நம் வட்டாரத்துக் குடியிருப்புகள் பலவற்றின் பட்டாக்களை எடுத்துப் பார்த்தால், இந்த ஆண்டுகளுக்குப் பிந்தியவையாகவே இருக்கும். கால்மேல் கால் போட்டு உட்காரத் திண்ணை கட்டியது அதற்குப் பிறகுதான்.

மனைக்கு அடுத்துத் தீ. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டனர். 1978 ஜூலையில் நம் விழுப்புரத்திலேயே மூண்ட கொடுமையில் நம்மவர் 12 பேர் கொல்லப்பட்டனர், குடிசைகள் கொளுத்தப்பட்டன. அந்த நாட்களை நினைவில் வைத்திருப்போர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். ஒரு தீக்குச்சி போதும் என்ற அச்சத்தோடு உறங்கியவர்களுக்குத்தான் தளம் போட்ட வீடு என்பதன் பொருள் தெரியும். இவையன்றி, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை பற்றிக்கொண்டு 94 குழந்தைகள் மாண்டனர். அன்று மாலை நாம் பணியாற்றிய பள்ளியின் சமையற்கூடத்துக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. குளிர்ச்சி பெரிதா, உயிர் பெரிதா என்று கேட்டால் விடை சொல்ல யாருக்கும் நேரம் பிடிக்காது.

ஆகவே 1974-இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது தொகுப்பு வீடுகள் கட்டுவதே அதன் தலையாய பணியாக இருந்ததில் வியப்பில்லை. 1985-இல் மைய அரசின் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் வந்தது. முதலில் அது ஆதிதிராவிடர், பழங்குடியினர், விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்கென்றே ஏற்பட்டது. 2016-இல் பிரதமர் பெயரிலான திட்டமாக மாறியது. 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-இல் 300 சதுர அடியில் சூரிய விளக்கோடு கூடிய பசுமை வீடு, 2024-இல் கலைஞரின் கனவு இல்லம் என மாநிலத் திட்டங்களும் தொடர்ந்தன. இவை யாவும் நம் மக்களுக்கு நன்மை செய்தவை; இதில் நமக்கு ஐயம் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களைப் புரட்டியபோது பறந்தவை கூரைகளே. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் மண்சுவர் கரையும். தளம் போட்ட வீடு நிற்கும். மாடியில் ஏறி நின்று உயிர் பிழைக்கவும் அது உதவும்.

அப்படியானால் அந்த மாணவன் சொன்னது? அதுவும் உண்மையே. பசுமை வீடு என்று பெயர் வைத்தார்கள். பசுமை விளக்கில் இருந்ததே தவிரத் தளத்தில் இல்லை. நாலைந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. கோயிற் கல்லைப் போல் அடிக்கணக்கில் கனம் இருந்தால் வெப்பம் உள்ளே வரப் பொழுதாகும். தோகையைப் போல் காற்றறைகள் இருந்தால் வெப்பம் தடைபடும். இதற்கு இரண்டும் இல்லை. மாலை ஏழு மணிக்கு, மனிதர் வீடு திரும்பும் வேளை பார்த்து, அது குடித்த வெப்பத்தைக் கீழே இறக்கத் தொடங்குகிறது. தளமோ தாழ்ந்தது. சன்னல் ஒரு பக்கத்தில் மட்டும். மேற்குச் சுவருக்கு நிழல் இல்லை. மாதிரி வரைபடம் ஒன்றுதான். மனை எந்தத் திசை நோக்கியிருந்தாலும் அதே வீடு. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் தமிழக அரசு அறிவித்துவிட்டது. பேரிடர் இரவில் எங்கே தங்குகிறது என்று பார்த்தால், நம் தளத்தடியில்தான்.

குற்றம் கான்கிரீட்டின்மேல் இல்லை என்பதற்குச் சான்று, விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதி 1930-களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டு 1940-களில் முடிந்தது. அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞர் வரைந்தது. ஜார்ஜ் நாகாஷிமா உடனிருந்து கட்டினார். இந்தியாவின் தொடக்ககால வலுவூட்டிய கான்கிரீட் கட்டடங்களில் அது ஒன்று. அதன் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்குகின்றன. சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் கிடைப்பலகைகள் இருப்பதால் காற்று ஊடுருவிச் செல்கிறது. தளத்தின்மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளைப் பரப்பி, இடையே காற்றோட ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். வெயிலை மேலோடு வாங்கிக்கொள்கிறது, கீழ்த்தளம் தப்பிக்கிறது. அதே சிமெண்டு, அதே கம்பி. அறிவு சேர்ந்தது, அவ்வளவே.

நம் மாவட்டத்துக்கு உள்ளேயே, வானூர் வட்டத்தில், ஆரோவில் இருக்கிறது. அங்குள்ள மண் ஆய்வு நிறுவனம் 1989-இல் தொடங்கப்பட்டது. செம்மண்ணோடு ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டு கலந்து, பொறியில் அழுத்தி, நீர் தெளித்துப் பதப்படுத்திக் கல் செய்கிறார்கள். இக்கல்லைச் சூளையில் சுட வேண்டியதில்லை, விறகு மிச்சம். உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 விழுக்காடு சிமெண்டு உற்பத்தியால் வருவது என்பதால், சிமெண்டைக் குறைப்பதும் ஒரு நன்மை. நமக்கோ சூளை வேறொன்றையும் நினைவூட்டுகிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளைக்குப் போய், பிள்ளைகளின் படிப்பைத் தொலைத்தவர்கள் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் எத்தனை பேர்! கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தும் கதை முடியவில்லை. சுடாத கல் என்பது நம்மவர்க்கு வெறும் கட்டடச் செய்தி அன்று.

ஆரோவில் பார்வையாளர் மையம் இத்தகைய மண்கல்லால் கட்டப்பட்டு, 1992-இல் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருதைப் பெற்றது. ஃபாத்தி எகிப்து நாட்டவர். 1940-களில் லக்சார் அருகே, புதிய குர்னா என்ற ஊரை ஏழைகளுக்கென மண்கல்லால் எழுப்பினார். சாரம் கட்டாமலே வளைவுக் கூரை எழுப்பும் பழைய நூபிய முறையை மீட்டுப் பயன்படுத்தினார். வெயிலுக்கு உகந்த வீடுகள். ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அவர்களில் பெரும்பாலோர் அங்கே போகவில்லை. பழைய ஊரிலிருந்து அவர்களைப் பெயர்க்க அரசு செய்த முடிவு அது. பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது. குவிமாடம் கல்லறையை நினைவூட்டியது என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். பெரிய மனம் கொண்ட கலைஞரே தடுக்கி விழுந்த இடம் அது.

இதை ஏன் சொல்கிறோம்? மண்கல் வீடு கட்டலாமே என்று நம் குடியிருப்பில் ஒரு பெரியவரிடம் சொல்லிப் பார்த்தோம். “மறுபடியும் மண்ணுக்கே போகச் சொல்றீங்களா ஐயா?” என்று கேட்டார். ஊர்த்தெருவில் மெத்தை வீடு நிற்கும்போது, படித்தவன் வந்து உனக்கு மண்ணே போதும் என்றால் அவர் காதில் வேறெப்படி விழும்? காலனி என்ற சொல்லைக்கூட அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்த காலம் இது. வீட்டின் தோற்றமும் ஒரு சொல்தான். அதைப் பிறர் எப்படிப் படிப்பார்கள் என்று நம்மவர் கணக்குப் பார்ப்பதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆரோவிலில் கல் அழுத்துவோரில் சுற்றுவட்டாரக் கிராமத்துத் தொழிலாளரும் உண்டு. அந்தக் கல்லால் எழுந்த தொகுப்பு வீடு ஒன்றை நாம் இன்னும் கண்டதில்லை.

இந்தச் சிக்கலுக்கு நாம் அறிந்தவரை நேர்மையாக விடை தேடியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, திருவனந்தபுரத்தில் 2007-இல் மறைந்தார். ஏழைக்கு ஒரு முறை, செல்வருக்கு ஒரு முறை என்று அவர் வைக்கவில்லை. தம் வீட்டையும் பெரிய ஆய்வு நிறுவனத்தையும் அதே செங்கல்லில் அதே முறையில் கட்டினார். செங்கல்லைக் கிடத்தாமல் குத்துவாட்டில் நிறுத்திச் சுவருக்குள் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு அவர் பரப்பியது. செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். அவ்வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். தளம் வார்க்கும்போது, கான்கிரீட் அதிகம் உழைக்காத அடிப்பகுதியில் பழைய சீமை ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து வார்த்தார். கான்கிரீட் குறைகிறது, ஓட்டுக்குள் அகப்பட்ட காற்று வெயிலைத் தடுக்கிறது. நம் தோகைக்கூரை செய்த வேலையை, தீப்பிடிக்காமல் செய்கிறது! வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மெத்தை வீடேதான். யாரும் ஏளனமாகப் பார்க்க வழியில்லை.

கனவு இல்லத் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாகவும், எஞ்சியது தீப்பற்றாத வேறு கூரையாகவும் அமையலாம் என்பது விதி. அந்த 60 சதுர அடியைப் பலர் தகரம் போட்டு வீணாக்குகிறார்கள். அதை மேற்குப் பக்கம் திண்ணையாக்கி ஓடு வேய்ந்தால், மாலை வெயில் சுவரில் ஏறாது. பிள்ளை படிக்கவும் இடமாகும். எதிரும் புதிருமாகச் சன்னல் வைப்பதற்கு அதிகச் செலவில்லை. தளத்தின்மேல் தட்டோடு பதிப்பதற்கு மட்டும் கொஞ்சம் பணம் வேண்டும். நம் கழகத்தின் உதவியால் பாலிடெக்னிக்கில் கட்டடப் பிரிவு படித்து வெளிவந்த இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள். புதிதாக ஆணை பெறும் குடும்பங்களோடு இவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து, கடைக்கால் தோண்டுமுன் திசையையும் சன்னலையும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஓவர்சியர் வந்து கயிறு பிடித்த பிறகு பேசிப் பயனில்லை. அந்த உட்காரலில் வீட்டுப் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டுக்குள் அதிக நேரம் வேகுபவர்கள் அவர்களே.

கட்டி முடித்த வீடுகளுக்கு வழி எளிது. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். தெலுங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நமக்கு அவ்வளவு பெரிய பெயர் வேண்டாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு போதும். தளத்தை நன்றாகப் பெருக்கிக் கழுவி உலரவிட்டு, நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, பசைக்கு வடிகஞ்சி சேர்த்து, மூன்று பூச்சு அடிக்க வேண்டும். மழையில் கரைந்துபோகும், ஆண்டுதோறும் பங்குனியில் மீண்டும் அடிக்க வேண்டும். மேற்குச் சுவரை ஒட்டிப் பந்தல் போட்டுப் பீர்க்கங்கொடியோ அவரையோ ஏற்றலாம். பகலில் சன்னலை மூடி, இரவில் திறந்து வைக்க வேண்டும். நாமோ நேர்மாறாகச் செய்கிறோம்!

நம் கழகத்தின் படிப்பகமும் கான்கிரீட் கட்டடம்தான். ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் அதைப் பூட்டிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்துவருவதை உறுப்பினர்கள் அறிவார்கள். இவ்வாண்டு பங்குனி இரண்டாம் ஞாயிறு காலை 6 மணிக்கு அதன் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தீர்மானித்திருக்கிறோம். முதிய கொத்தனார் ஒருவர் பதம் காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். சுண்ணாம்பு வாங்கியாயிற்று; ஏணி பள்ளியிலிருந்து வரும். மட்டைகள்தாம் போதவில்லை. வரும் இளைஞர்கள் ஆளுக்கு ஒரு மட்டையும் வாளியும் கொண்டுவர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம்.